சொத்தை விழுந்த முன்பற்களுக்கு வெனீர் போடலாமா? தொழில் நாயனம்

குத்தாலத்து நாயனக்காரன்:

வணக்கம். குத்தாலத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் காவிரிக் கரையோரம் எனக்கு ஊர். வயது 38. பன்னிரண்டு வயதில் சீவாளியை, அதாவது நாயனத்தில் உதடு வைத்து ஊதும் நாணல் துண்டை, வாயில் வைத்தவன். இன்றுவரை வேறு தொழில் தெரியாது. கேள்வி பல்லையும், பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடான வெனீரையும் பற்றியதுதான். ஆனால் நாயனத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அதைக் கேட்க எனக்கு வழியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்தில், முதலில் பென்சில் கோடு போல ஒரு கறுப்பு தெரிந்தது. மூன்று ஆண்டுகளில் அது எள்ளளவாகி, இப்போது மிளகளவு. அதற்கு இடப்பக்கத்துப் பல்லில் ஈறோரம் ஒரு பழுப்புக் குழி. நகம் வைத்தால் சிக்குகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று ஏறி உடனே இறங்கிவிடும். இரவில் வலி கிடையாது. எல்லாப் பற்களிலும் வெற்றிலைக் கறை உண்டு, அதை மறைக்கவில்லை.

சொத்தை எப்படி வந்தது என்று யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் சுவாமி புறப்பாடு இரவு பத்து மணிக்குத் தொடங்கினால், நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வர விடிந்துவிடும். மல்லாரியில் தொடங்கி அத்தனை நேரமும் நின்றும் நடந்தும் ஊத வேண்டும். தொண்டை வறளக் கூடாது என்று தவில்காரர்கள் தனி எடுக்கும் நேரத்தில் ஒரு துண்டு பனங்கற்கண்டை மேலுதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் அடக்கிக்கொள்வேன். நாக்குக்கு அடியில் வைத்தால் எச்சில் பெருகிச் சீவாளி ஊறிப்போகும். உதட்டோரம் என்றால் தொந்தரவில்லை, மெல்லக் கரையும். இருபது ஆண்டுப் பழக்கம். அது கரைந்த இடத்தில்தான் இப்போது பல்லும் கரைந்துகொண்டிருக்கிறது.

இத்தனை நாள் கவலைப்படவில்லை. நாயனக்காரன் பல்லைச் சீவாளி மறைத்துவிடும். போன வைகாசியில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடைக்குப் பக்கத்தில் எல்இடி திரை வைத்திருந்தார்கள். வாசித்து முடித்துச் சீவாளியை எடுத்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தேன். கேமராக்காரர் சரியாக அந்த நேரம் பார்த்து என்னைப் பிடித்துவிட்டார். எட்டடி உயரத்துக்கு என் முகம், அதில் முறம் அளவுக்கு இரண்டு பல், நடுவில் வடைக்கு விட்ட துளை போல ஒரு கறுப்பு. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் வந்திருந்தாள். வீடு திரும்பும்போது, "அப்பா, இனிமேல் வாயை மூடிக்கொண்டு சிரியுங்கள்" என்றாள். வெகு மரியாதையாகத்தான் சொன்னாள்.

பக்கத்து நகரத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "ஆறு பல்லுக்கும் வெனீர் ஒட்டிவிடலாம். ஒரு பல்லுக்கு 9,000 ரூபாய், மொத்தம் 54,000. ஒரே வாரம்" என்றார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. சொத்தையை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "அதுதான் மேலே மூடிவிடுகிறதே" என்று பதில் வந்தது.

அந்த "மூடிவிடுகிறதே"தான் என்னைத் தூங்கவிடவில்லை. சொத்தையின் மேல் வெனீர் ஒட்டலாமா? இன்னொன்று, பல்லின் முன்பக்கம் அரை மில்லிமீட்டர் தடித்தால் உதடு அதை உணராதா? சுரத்தை அசைக்கும் என் கமகம் பாதி விரலில் இருக்கிறது, மீதி உதட்டில். ஆடி பிறக்கப்போகிறது, முகூர்த்தம் கிடையாது. அம்மன் கோயில் வாசிப்புகளுக்கு நடுவே சில நாட்கள் ஒழியும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. செய்தால் இப்போதுதான் செய்ய வேண்டும்.

கும்பகோணம் டீச்சர்:

தம்பி, அந்த 54,000 ரூபாயைத் தொடாதீர்கள். நான் தொட்டுவிட்டு வந்தவள்.

2019-இல் என் பெண் கல்யாணத்துக்கு முன்பு மேல் முன்பற்கள் நான்குக்கும் வெனீர் போட்டுக்கொண்டேன். எந்த ஊர், யார் என்று சொல்லப்போவதில்லை. அதில் இரண்டு பற்களில் சொத்தை இருந்தது. "லேசாகச் சுரண்டிவிட்டு ஒட்டுகிறோம்" என்றார்கள். கல்யாண ஆல்பத்தில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன், சம்பந்தி அம்மாளைவிட நன்றாகவே.

இரண்டரை வருஷம் போயிற்று. ஈறோரம் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. வாயில் ஏதோ நாறுகிறது என்று எனக்கே தெரியும்; வகுப்பில் பிள்ளைகளிடமிருந்து தள்ளி நின்று பாடம் நடத்துவேன். ஒருநாள் கைமுறுக்கைக் கடித்தேன். முறுக்கோடு வெனீரும் வந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் அடியில் பல் பழுப்பாக, நனைந்த சுண்ணாம்புக் கட்டி போல இருந்தது. நகத்தால் வழித்தால் வருகிறது. மேலே பளபளவென்று இருந்ததால் உள்ளே நடந்தது யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் இரண்டு பல்லுக்கும் வேர் சிகிச்சை செய்து, பல்லை முழுக்க மூடும் உறையான கேப் போட்டோம். முதலிலேயே சொத்தையைச் சுத்தமாக எடுத்து அடைத்திருந்தால் அதில் கால்வாசிச் செலவுகூட ஆகியிருக்காது.

அந்த வெனீரை இன்னும் குங்குமச் சிமிழில் போட்டு வைத்திருக்கிறேன். நகச்சில் மாதிரி அவ்வளவு மெல்லியது. யாராவது வெனீர் என்று வாயெடுத்தால் திறந்து காட்டுவேன்.

வெற்றிலை பற்றி நான் உபதேசம் செய்ய முடியாது. எங்கள் ஊர் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனால் பாக்கைக் குறையுங்கள்.

துபாய் மாப்பிள்ளை, திருத்துறைப்பூண்டி:

அண்ணே, இதற்குப் போய் இவ்வளவு யோசிக்கிறீர்களே. ஆன்லைனில் மாட்டிக் கழற்றும் வெனீர் செட் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வெந்நீரில் போட்டு மென்மையாக்கிப் பல்லில் அழுத்தினால் சரியாக உட்கார்ந்துகொள்ளும். கல்யாண நாளில் மாட்டிக்கொள்ளுங்கள், ஊதும்போது கழற்றிப் பையில் போடுங்கள்.

தஞ்சைப் பல் மருத்துவர்:

முதலில் மேலே உள்ள யோசனைக்குப் பதில். அந்தச் செட் பல்லின் மேல் ஒரு மூடி. எச்சில் உள்ளே போய்க் கழுவாது, சோற்றுப் பருக்கையும் சர்க்கரையும் உள்ளேயே தங்கும். சொத்தை இருக்கிற வாயில் அதை மாட்டுவது மூட்டம் போட்டு வாழைத்தாரைப் பழுக்க வைப்பது போல.

இனி நாயனக்காரருக்கு. சொத்தையை எடுக்காமல் அதன் மேல் வெனீர் ஒட்டக் கூடாது. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. சொத்தை என்பது கறை மட்டும் கிடையாது, உள்ளே கிருமிகள் பல்லைத் தின்றுகொண்டிருக்கின்றன. வெனீர் பல்லில் நிற்பது ஒட்டும் பசையின் பலத்தில். அந்தப் பசை பல்லின் கெட்டியான மேலடுக்கான எனாமலில் கெட்டியாகப் பிடிக்கும். எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டினில் பிடிப்பு குறைவு. சொத்தையால் மெத்தென்று ஆன இடத்தில் பிடிப்பே இருக்காது. டீச்சருக்கு முறுக்கோடு வந்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

எனாமலை வீணாக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. மேல் முன்பல்லில் அது கடிக்கும் நுனிப்பக்கம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன். ஈறோரம் அதில் பாதிகூடச் சில சமயம் இருக்காது. பீங்கான் வெனீருக்கு வழக்கமாக 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை பல்லைத் தேய்ப்போம். தேய்த்தது திரும்ப வளராது. உங்களுக்குச் சொத்தை மூன்று பல்லில். ஆறு பல்லைத் தேய்க்க என்ன அவசியம் என்று அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் நம்பிக்கை தருகின்றன. குளிர்ச்சி பட்டுச் சுரீரென்று ஏறி உடனே இறங்கினால், பெரும்பாலும் நரம்பு உயிரோடும் நலமாகவும் இருக்கிறது. சூட்டுக்கு வலித்து நிமிடக்கணக்கில் நின்றாலோ, இரவில் எழுப்பினாலோ கதை வேறு. எதற்கும் ஒவ்வொரு பல்லுக்கும் சிறிய எக்ஸ்ரே எடுத்து, சொத்தை நரம்பறைக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் பேச வேண்டும். சொத்தையை முழுக்க எடுத்துவிட்டுப் பல்லின் நிறத்திலேயே கம்போசிட் என்ற பிசின் கலவையை வைத்து அடைப்பதுதான் முதல் வேலை. அடைத்த பல்லின் மேல் பிறகு வெனீர் வைக்கலாம். அடைப்பு சிறியதாக இருந்து, சுற்றிலும் நல்ல எனாமல் மிஞ்சியிருந்தால். பல்லில் பாதி போயிருந்தால் வெனீர் தாங்காது, கேப்தான்.

வெனீரின் பீங்கானுக்குச் சொத்தை வராது. அது முடிந்து பல் தொடங்கும் விளிம்பில் வரும். ஆகவே பழக்கம் மாறாமல் எதை ஒட்டினாலும் நிற்காது. உங்கள் பழக்கத்தைப் படித்தபோது நாற்காலியிலேயே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாயிலேயே எச்சில் மிகக் குறைவாகப் பாயும் இடம், மேல் முன்பற்களின் உதட்டுப்பக்கம். கீழ் முன்பற்கள் எச்சில் ஊற்றின் வாசலில் இருக்கின்றன, அதனால்தான் அங்கே சொத்தை அபூர்வம். தேடிப் பார்த்து வைத்தது போல நீங்கள் கற்கண்டை மேலே வைத்திருக்கிறீர்கள். பனைவெல்லம், கற்கண்டு, வெள்ளைச் சர்க்கரை என்று கிருமி ஜாதி பார்ப்பதில்லை. எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எவ்வளவு நேரம் பல்லோடு ஒட்டியிருக்கிறது என்பதுதான் கணக்கு. தொண்டைக்குத் தண்ணீர் போதும். இரவு படுக்கும் முன் ஃப்ளோரைடு பற்பசையால் தேய்த்து, நுரையைத் துப்பிவிட்டு, வாய் கொப்புளிக்காமல் படுத்துக்கொள்ளுங்கள்.

பாக்கு பற்றி ஒரே வார்த்தை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெறும் பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. மூன்று விரல்களை அடுக்கி நெட்டாக வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் பாக்கால் வாய் இறுகத் தொடங்கியிருக்கலாம்; வெனீரை மறந்துவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

நாயனத்துக்கு வருகிறேன். அரை மில்லிமீட்டரை உங்கள் உதடு உணரும், சந்தேகம் வேண்டாம். அதனால்தான் வாசிப்பவருக்கு என் தேர்வு கம்போசிட். பீங்கான் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து ஆண்டுகளைத் தாண்டும், கறை ஏறாது. ஆனால் அது லேபில் செய்து வருவது. ஒட்டிய பிறகு ஓரளவுக்கு மேல் திருத்த முடியாது. கம்போசிட் அவ்வளவு காலம் வராது, வெற்றிலைக் கறையையும் இழுக்கும். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கூட்டலாம், குறைக்கலாம், மறுநாள் வந்து மீண்டும் திருத்தலாம். எதைச் செய்வதற்கு முன்பும் இப்போதைய பற்களின் அச்சை எடுத்து, பிளாஸ்டரில் வார்த்த பல் வடிவம் ஒன்றை வாங்கி வீட்டில் வையுங்கள். நாளை பல் உடைந்தாலும், உங்கள் உதடு பழகிய வடிவம் அதில் இருக்கும்.

மரத்துப்போக ஊசி போட்டால் உதடு இரண்டு மூன்று மணி நேரம் உங்கள் பேச்சைக் கேட்காது. அன்று வாசிப்பு ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டுமென்றால் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர்கள் நிதானமாகப் பார்ப்பார்கள், நேரம் ஆகும், செலவு அதிகம் ஆகாது.

சீவாளி 61, திருவாரூர்ப் பக்கம்:

தம்பி, நான் டாக்டர் இல்லை. நாற்பத்தைந்து வருஷம் ஊதியவன். 1998-இல் சைக்கிளிலிருந்து விழுந்து மேல் முன்பல் ஒன்று பாதி உடைந்தது. கேப் போட்டார்கள். கண்ணுக்குப் பழைய பல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. வீட்டுக்கு வந்து நாயனத்தை எடுத்துத் தோடி ராகம் தொட்டேன். அதன் காந்தாரச் சுரம் அசைய மறுத்தது. காற்று ஓரமாக ஒழுகுகிறது. மேல் ஸ்தாயிக்குப் போனால் பீ என்று கத்துகிறது. நாலு சீவாளி மாற்றினேன். சீவாளியில் குற்றமில்லை, கேப்பின் வெளிவிளிம்பு உதட்டை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அந்த மாதம் முழுக்க எனக்குப் பதிலாகத் தம்பிதான் வாசித்தான். நான் சுருதி தரும் ஒத்துப் பெட்டி பிடித்தேன். பிறகு அதே டாக்டரிடம் சீவாளியோடு போய் உட்கார்ந்து, ஊதிக் காட்டி, நூல் அளவு தேய்த்து, மறுபடி ஊதிக் காட்டி, அப்படித்தான் சரியானது.

எனவே டாக்டர் வீட்டுக்குப் போகும்போது நாயனத்தையும் எடுத்துக்கொண்டு போ. சீவாளியை நனைத்து, நாயனத்தின் மேல்முனைச் சிறு குழாயான கெண்டையில் மாட்டித் தயாராக வை. வெட்கப்படாதே. கொல்லன் பட்டறைக்குக் கலப்பையைக் கொண்டு போகாமல் கொழுவை அடிக்கச் சொல்வாயா?

அப்புறம் அந்தக் கற்கண்டு. மேடையில் வாயில் எதையும் அடக்காதே என்று என் வாத்தியார் தலையில் குட்டியிருக்கிறார். அவர் பல்லுக்காகச் சொல்லவில்லை, சத்தத்துக்காகச் சொன்னார். எப்படியோ என் பல் தப்பியது.

குத்தாலத்து நாயனக்காரன்:

டீச்சரம்மா, டாக்டர், அண்ணன் எல்லோருக்கும் நன்றி. மூன்று விரல் நுழைகிறது. அதைப் பார்த்த பிறகுதான் அன்று சாப்பிட்டேன். துபாய் மாப்பிள்ளை, உங்கள் அன்புக்கும் நன்றி, செட் வேண்டாம். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

குத்தாலத்து நாயனக்காரன் (ஏழு வாரங்களுக்குப் பிறகு):

ஆடி இரண்டாம் வாரம் வேறொரு பல் மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரேயில் நடுப்பற்களின் சொத்தை டென்டினுக்குள் கொஞ்சம்தான் போயிருந்தது. இடப்பக்கத்து ஈறோரக் குழிதான் ஆழம், ஆனாலும் நரம்பைத் தொடவில்லை. முதல் நாள் பற்களைச் சுத்தம் செய்தார்கள். வெற்றிலைக் கறை போன பிறகு கண்ணாடியில் பார்த்தேன். இந்தப் பல்லையா ஆறும் தேய்க்கச் சொன்னார்கள் என்று வயிறு எரிந்தது. அடுத்த இரண்டு தடவையில் மூன்று பல்லிலும் சொத்தையை எடுத்துக் கம்போசிட் அடைத்தார்கள். எக்ஸ்ரே, சுத்தம், அச்சு எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய். பிளாஸ்டர் பல் இப்போது சாமி அலமாரியில் இருக்கிறது. என் அம்மா அதற்கும் விபூதி பூசிவிட்டார்.

நடுப்பற்களில் அடைப்பின் விளிம்பு வெயிலில் லேசாகத் தெரிந்தது. அதன் மேல் மெல்லிசாக ஒரு கம்போசிட் வெனீர் இழுத்துவிடலாமா என்று டாக்டர் கேட்டார். நாயனத்தைப் பையிலிருந்து எடுத்தேன். நரசிங்கம்பேட்டை ஆச்சா மரம், நீளமான பாரி நாயனம், அந்தச் சிறிய அறையில் அதன் அடிப்பக்க அகன்ற வாயான அணசு சுவரில் இடிக்கிறது. முதலில் பசை இல்லாமல், கழற்றக்கூடியதாகப் பல்லின் மேல் பூசிக் கெட்டியாக்கினார். ஊதினேன். திருவாரூர் அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. காந்தாரத்துக்கு உதடு போகிறது, சத்தம் ஒரு கணம் கழித்து வருகிறது. கொஞ்சம் தேய்த்தார். ஊதினேன். இன்னும் கொஞ்சம். நாலாவது தடவை வெளியே காத்திருந்தவர்களில் ஒரு பெரியவர் கதவைத் திறந்து, "இங்கே யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. முகமூடிக்கு மேலே கண்ணை இடுக்கிக்கொண்டு அடுத்த தடவைக்குத் தயாராக நின்றார்.

கடைசியில் அந்தப் பூச்சைக் கழற்றிவிடச் சொன்னேன். அடைப்பு மட்டும் போதும். விளிம்பு தெரிகிறதென்றால் வெயிலில் ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். அவ்வளவு பக்கத்தில் வந்து என் பல்லைப் பார்க்கிறவர்கள் வீட்டு மனிதர்கள்தான். ஈறோரக் குழி இருந்த பல்லுக்கு மட்டும் நிறத்துக்காக ஒரு மெல்லிய பூச்சு வைத்திருக்கிறது. அது சீவாளிக்குப் பக்கத்தில் வருவதில்லை, உதடும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆவணி முதல் முகூர்த்தம் போன வாரம் முடிந்தது. இரண்டு மணி நேரம் தோடியும் கல்யாணியும் தடையில்லாமல் வந்தன. எல்இடி திரை இருந்தது, ஆனால் கேமராக்காரர் சாப்பாட்டுப் பந்தியிலேயே நின்றுவிட்டார்.

கும்பகோணம் டீச்சர்:

நல்லது தம்பி. கற்கண்டு என்ன ஆயிற்று? அதைச் சொல்லவே இல்லையே.

குத்தாலத்து நாயனக்காரன்:

இப்போது தண்ணீர் பாட்டில்தான் டீச்சரம்மா. கற்கண்டு டப்பாவை எங்கள் தவில்காரர் எடுத்துக்கொண்டார். இங்கே எழுதியது எல்லாவற்றையும் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். படித்ததாக நீலக்கோடு வந்துவிட்டது, டப்பா இன்னும் திரும்பி வரவில்லை.